மடியில் கிடக்கும் உடல்: சிற்பி தனபாலை முன்வைத்து

சிற்பி எஸ். தனபாலைப் (1919–2000) பற்றி எழுத வருகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தயாராகக் கையில் வைத்திருக்கிறார்கள். மரபையும் நவீனத்தையும் இணைத்தவர். இந்த வாக்கியத்தில் தவறு ஒன்றும் இல்லை. அது எதையும் சொல்லவில்லை என்பதுதான் அதன் குறை. இணைத்தார் என்றால் எந்த மரபை, எதற்கு எதிரில் வைத்து, எந்த இடத்தில் ஒட்டுப்போட்டார்? ஒட்டு எங்கே விட்டுப்போயிற்று? இணைப்பு, சங்கமம், கலவை என்பதெல்லாம் நம் கலை விமர்சனத்தில் சமாதானச் சொற்களாக ஆகிவிட்டன. அவற்றுக்கு அடியில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டை சதை பற்றியது என்பது என் வாசிப்பு.

நான் தமிழ் படித்தவன், சிற்பம் படித்தவனல்ல. இருப்பது மல்லாங்கிணறு. விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற சாலையில், கரிசலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற ஊர். சென்னைக் கலைக் கல்லூரிச் சிற்பிகளைப் பற்றிப் பேச இங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான். அந்தச் சிற்பிகள் எதை எடுத்தார்கள் என்பது சென்னையிலிருந்து பார்த்தால் தெரியும். எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது இங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் வம்சாவளி. 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைப்பள்ளிக்கு 1929இல் முதல் இந்தியத் தலைவராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1957வரை அவர் ராஜ்யம்தான். வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். ஆனால் சிற்பத்தில் அவர் கண் ரோதான் மேல் இருந்தது. ரோதானோ 1875–76இல் இத்தாலிக்குப் போய் மைக்கலாஞ்சலோவைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடச் சிற்பத்திலிருந்து விடுபட்டவர். ஆக, புளோரன்ஸ், பாரிஸ், கல்கத்தா, பெரியமேடு என்று ஒரு கோடு இழுக்கலாம். அந்தக் கோட்டின் கடைசியில், ஓவியம் படிக்கச் சேர்ந்து சிற்பத்துக்கு வந்த மயிலாப்பூர்க்காரர் தனபால் நிற்கிறார்.

இந்தக் கோடு நேராக இல்லை என்பதுதான் வேடிக்கை. இதே ரோதான் 1913இல் நடராசரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து 1921இல் அது அச்சில் வந்தது. அவர் பார்த்தது சிலையை அல்ல, புகைப்படங்களை. எந்த நடராசர்? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற திருவாலங்காட்டு நடராசர். கலைப்பள்ளி இருக்கும் பெரியமேட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். அங்கே இருக்கிற செப்புத்திருமேனியைப் பாரிஸில் ஒருவர் படத்தில் பார்த்துச் சொக்கிப்போகிறார். அவருடைய கண்ணைக் கற்றுக்கொண்ட ஒருவர் கல்கத்தா வழியாகப் பெரியமேட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறார். காலனியம் நம் கண்ணைப் பிடுங்கிக்கொண்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். நான் அப்படி எழுத மாட்டேன். சுற்றிவந்த கண்ணில் தூசியும் சேரும், கூர்மையும் சேரும்.

ராய் சௌத்ரியின் மெரினாச் சிலையை, 1959இல் திறக்கப்பட்ட உழைப்பின் வெற்றியை, தமிழ்நாட்டில் அறியாதவர்கள் குறைவு. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். மே தினத்துக்கு மாலை போடுகிற சிலை. அதன் முறுக்கு, எடை, பாறைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற இழுபறி எல்லாம் அசல் சிற்பியின் கை வேலை. ஆனால் அந்தத் தசை யாருடையது? எங்கள் பக்கம் கல் உடைக்கிறவர்களை, கிணறு வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பில் அப்படித் தசை திரண்டிருக்காது, நரம்புதான் புடைத்திருக்கும். கஞ்சி குடித்து வேலை செய்கிறவன் உடம்பு வேறு. உழைப்பாளியைப் பெருமைப்படுத்த ராய் சௌத்ரிக்கு ஐரோப்பிய வீரனின் சதை தேவைப்பட்டது. மறுமலர்ச்சிச் சிற்பத்தின் அடிப்படை நம்பிக்கை இது: மேன்மை என்பது சதையில் தெரியும்.

இந்த நம்பிக்கைக்குச் சமய வேர் உண்டு. கடவுள் சதை எடுத்து வந்தார், சதையில் வலித்தது, சதையில் செத்தார் என்பது கிறிஸ்தவத்தின் மையக் கதையாடல். அதைக் கல்லில் நிரூபித்துக் காட்டியதுதான் மைக்கலாஞ்சலோவின் பியேட்டா. 1498–99இல், இருபத்து நாலு வயசில் செய்தது. இறந்த மகன் தாயின் மடியில் கிடக்கிறான். உட்கார்ந்திருக்கிற மாதா எழுந்து நின்றால் அந்த மகனைவிட மிகப் பெரிய உருவமாக இருப்பாள் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்த ஆணின் பிணத்தை ஒரு பெண்ணின் மடி தாங்க வேண்டும் என்பதற்காகச் சிற்பி அவளைப் பெரிதாக்கி, அந்தப் பெரிசைத் துணிமடிப்புக்குள் ஒளித்துவிட்டார். இன்னொன்று, தாய் மகனைவிட இளையவளாகத் தெரிகிறாள். ஏன் என்று அப்போதே கேட்டிருக்கிறார்கள். கற்புள்ள பெண்களின் மேனி சீக்கிரம் வாடாது என்று மைக்கலாஞ்சலோ பதில் சொன்னதாக அவர் காலத்திலேயே அவர் வாழ்க்கையை எழுதிய கொந்திவி குறித்திருக்கிறார். கற்பு சதையைக் காப்பாற்றும் என்பது அவர் கணக்கு.

நம் கதையில் கற்பு சதையை என்ன செய்கிறது? காரைக்கால் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கனி அதிசயத்தைப் பார்த்துப் பயந்த கணவன் கப்பலேறிப் போய்விடுகிறான். பாண்டி நாட்டில் வேறு மனைவி, குழந்தை. சொந்தக்காரர்கள் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அவனிடம் கொண்டுபோகிறார்கள். அவன் குடும்பத்தோடு அவள் காலில் விழுகிறான். அப்போது அவள் கேட்பது, இவனுக்காக இதுவரை சுமந்த இந்தச் சதை இனி எனக்கு வேண்டாம் என்பது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை இப்படித்தான் போகிறது. சதை கணவன் பெயரில் இருந்த சொத்து. அவன் உரிமை தீர்ந்தது, சொத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்சம் எலும்பு, பேய் வடிவம். அந்தப் பேய் போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு. ரோதான் படத்தில் பார்த்த நடராசர் வந்த ஊர்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு சாண் உயரத்தில் ஒரு சோழர்கால அம்மையார் இருக்கிறாள். தாளம் கையில், தொங்கிப்போன மார்பு, எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு. புளோரன்ஸில் தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா மரியாளும் எலும்பும் தோலும்தான். 1966 வெள்ளத்தில் அந்த மரச்சிலை நனைந்து, பிறகு சுத்தம் செய்தபோது அடியிலிருந்து பொன் பூசிய தலைமுடி வெளிப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் ஒப்பியல்காரர்களுக்கு உண்டு. இரண்டும் துறவு, இரண்டும் மெலிவு என்று முடித்துவிடுவார்கள். ஆனால் மகதலேனா மெலிந்தது பாவத்துக்கு வருந்தி. அம்மையார் எதற்கும் வருந்தவில்லை. அவள் முகத்தில் இருப்பது சிரிப்பு. குற்றவுணர்வு உடலை உருக்குவதும், விடுதலையான ஒருத்தி உடலைக் கழற்றிப் போடுவதும் ஒரே மெலிவு ஆகாது.

இந்த இடத்திலிருந்து தனபாலுக்குத் திரும்பலாம். சமயக் கதைகளிலிருந்து அவர் எடுத்து, இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிற இரண்டு உருவங்கள் கிறிஸ்துவும் ஔவையாரும். இந்த ஜோடியைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஔவை, கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தபோது பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கொடுத்துக் கிழத்தன்மையை வாங்கிக்கொண்டவள். 1953இல் வந்த ஜெமினியின் ஔவையார் படம் இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தது. அம்மையாரின் தங்கை முறைதான் அவள். கிறிஸ்துவோ சதை கிழிக்கப்பட்டவர். ஒருத்தி தானாகக் கழற்றினாள், ஒருவரிடமிருந்து பிய்த்தெடுத்தார்கள். தசையைப் பெருமையாகக் கற்பித்த ஆசிரியரின் பட்டறையில் வளர்ந்த ஒருவர், சதை இல்லாமல் போவதையே கதையாகக் கொண்ட இரண்டு பேரைத் தேடிப் போனார் என்றால், அது வெறும் பக்தி இல்லை, வாக்குவாதம்.

தனபாலின் கிறிஸ்து மெலிந்து நீண்டவர். அங்கே வலியைச் சொல்வது தசை முறுக்கு அல்ல, உடம்பின் சாய்வு. தனபால் நடனம் கற்றவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாட்டியக்காரனுக்கு உடல் என்பது சதைத் திரட்சி அல்ல, எடை எந்தக் காலில் நிற்கிறது என்கிற கணக்கு. செப்புத்திருமேனிகளிலும் அப்படித்தான், அங்கே தசைநார் கிடையாது, வளைவு மட்டும் உண்டு. எனவே அவர் செய்தது மைக்கலாஞ்சலோவின் கதையை எடுத்துக்கொண்டு, அந்தக் கதையைச் சொல்ல மைக்கலாஞ்சலோ கண்டுபிடித்த மொழியை மறுத்தது. இதைத்தான் இணைப்பு என்று சொல்லிச் சொல்லி மழுங்க அடித்திருக்கிறோம்.

இவர்தான் பெரியாரை எதிரில் உட்கார வைத்து மார்பளவுச் சிலை செய்தவரும். கிறிஸ்துவையும் செய்து பெரியாரையும் செய்தவரிடம் நீ எந்தக் கட்சி என்று கேட்பதில் அர்த்தமில்லை. மதக் கதை அவருக்கு நம்பிக்கையாக அல்ல, உடலைப் பற்றி யோசிக்கக் கிடைத்த களமாகவே பயன்பட்டிருக்கிறது.

அதே பள்ளியில் பி.வி. ஜானகிராமின் (1930–1995) வழி வேறு. செப்புத் தகட்டை அடித்து, கம்பிகளைப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டும் பார்க்கும்படி கணபதி, கண்ணன், கிறிஸ்து எல்லாம் செய்தார். கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம், சரியான ஒப்பீடுதான். ஆனால் கவசத்துக்குள் ஒரு கல் உடம்பு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தத் தெரிதல்தான் கவசத்துக்குச் சக்தி. ஜானகிராமின் கவசத்துக்குள் யாரும் இல்லை. நல்ல படைப்புகளில் அந்த வெறுமை நம்மைத் தொந்தரவு செய்கிறது. மற்றவற்றில் அது வரவேற்பறை அலங்காரமாக நின்றுவிடுகிறது. சிலுவையும் அலங்காரமாகிவிடும் என்பது சங்கடமான விஷயம்.

இனி எங்கள் பக்கம். இங்கே கிழக்கே திருச்சுழியில் குண்டாற்றங்கரைச் சிவனுக்குப் பெயரே திருமேனிநாதர். உடம்பு என்பதைக் கடவுள் பெயராகவே வைத்திருக்கிற ஊர். உடம்பு நான் இல்லை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ரமணர் பிறந்ததும் (1879) அதே ஊரில்தான். யோசித்தால் சிரிப்பு வரும்.

ஐயனார் கோயில் குதிரைகளை எல்லோருக்கும் தெரியும். கண்காட்சி அட்டைகளில் வந்துவிட்டன. செய்முறை அவ்வளவாகத் தெரியாது. ஊரார் பிடிமண் எடுத்து வேளார் கையில் கொடுத்தால்தான் வேலை ஆரம்பம். புரவி எடுப்பு அன்று கண் திறக்கிறவரை அது சுட்ட மண். திறந்த பிறகு சாமி. திருவிழா முடிந்து கோயிலில் இறக்கி வைத்துவிட்டால் அதோடு சரி. வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். காது உடையும், கால் விழும், யாரும் ஒட்டவைப்பதில்லை; அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். 1972இல் ஒருவன் பியேட்டாவைச் சுத்தியலால் அடித்து மாதாவின் கையையும் மூக்கையும் உடைத்தபோது, துண்டுதுண்டாகப் பொறுக்கி ஒட்டிக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். ஒட்டியது தப்பு என்று சொல்ல வரவில்லை. சிற்பம் என்பது நிற்க வேண்டிய பொருளா, நடந்து முடிய வேண்டிய காரியமா என்பதில் இரண்டு ஊருக்கும் அபிப்பிராயம் வேறு.

ஆனால் நான் சொல்ல வந்தது குதிரையைப் பற்றி அல்ல, பேச்சியைப் பற்றி. பேச்சியம்மன், பெரியாச்சி என்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறாள். சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் போயிருக்கிறாள். எங்கள் தெற்கத்திப் பக்கம் வீட்டுக்கு ஒரு பேச்சியம்மாளும் பேச்சிமுத்துவும் இருப்பார்கள். அவள் சுதை உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பெண் குறுக்கே கிடக்கிறாள். அந்தப் பெண்ணின் வயிறு கிழிந்திருக்கிறது. குடல் பேச்சியின் கையிலோ வாயிலோ. இன்னொரு கை பச்சைக் குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறது. காலடியில் ஒரு ராசா மிதிபட்டுக் கிடக்கிறான். கொடுங்கோல் ராசா மனைவிக்குப் பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி அவள். பிள்ளை குறிப்பிட்ட நாள்வரை தரையில் படக்கூடாது, பட்டால் அழிவு என்பது கதை. பிரசவம் பார்த்த பிறகு அவளையே ஒழித்துக்கட்டப் பார்த்த ராசாவை அவள் மிதித்தாள், அவன் மனைவியைக் கிழித்தாள், பிள்ளையை மட்டும் கீழே விடவில்லை. பிள்ளை பெற்றவர்கள் போய்க் கும்பிடுவது இவளிடம்தான்.

பியேட்டாவும் இதுவும் ஒரே அமைப்பு. உட்கார்ந்த பெண், மடியில் குறுக்கே ஓர் உடல். மேற்கின் மகத்தான மத உருவம் ஒன்றுக்கு எதிர்ப்பிரதி வேண்டுமென்றால் வேறெங்கும் தேட வேண்டாம், காரியாபட்டி சாலையோரக் கோயில்களில் கிடக்கிறது. அங்கே மடியில் பிணம், மௌனம், துணிமடிப்பு. இங்கே மடியில் ரத்தம், கூச்சல், ஒரு ஜனனம். அங்கே தாய் மாசற்ற கன்னி. இங்கே இருப்பவள் தாயே அல்ல, பேறு பார்த்தவள்; தீட்டில் கை நனைத்தவள். சாதி இந்தக் கதைக்குள் எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச்சி என்ற சொல்லே போதும். சதையைப் புனிதமாக்கவும் இல்லை, கழற்றி எறியவும் இல்லை. பிரசவ அறையில் சதை எப்படி இருக்குமோ அப்படி வைத்திருக்கிறார்கள். அம்மையார், மாதா இருவருக்கும் வெளியே மூன்றாவது ஒரு யோசனை இது.

சென்னைச் சிற்பிகள் இந்தப் பக்கம் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். ஐயனாரின் பெரிய கண், சுடுமண்ணின் சொரசொரப்பு, குதிரையின் கழுத்து எல்லாம் 1960களுக்குப் பின் சென்னைப் பள்ளிக் கலைக்குள் வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலும் வடிவத்தைத்தான் எடுத்தார்கள், கதையை எடுக்கவில்லை. கிறிஸ்துவுக்கும் கண்ணனுக்கும் ஔவைக்கும் கதை உண்டு என்று ஒத்துக்கொண்டவர்களுக்கு, நாட்டார் சாமிகளிடம் இருந்தது வெறும் கோடும் அலங்காரமும்தான். தனபாலுக்கும் இது பொருந்தும். தாயும் சேயும் அவருக்குப் பிடித்த பொருள். அந்தத் தாய்களில் அன்பு உண்டு, சோர்வு உண்டு, ரத்தம் இல்லை. தசையை மறுத்த அதே கை, பெண்ணுடம்பின் கலவரத்துக்கு வந்ததும் மாதாவின் சாந்தத்திடம் சரணடைந்துவிடுகிறது. கிறிஸ்துவில் ஆசிரியரோடு போட்ட சண்டையை அவர் இங்கே போடவில்லை. அவர் படைப்புலகத்தில் ஒட்டு விட்டுப்போன இடம் என்று நான் சொல்வது இதுதான்.

மேற்கு என்றால் சதை, நாம் என்றால் சதை மறுப்பு என்று இதைச் சட்டம் போட்டு மாட்டிவிடக் கூடாது. மைக்கலாஞ்சலோவே 1564இல் சாவதற்குச் சில நாள் முன்புவரை கொத்திக்கொண்டிருந்த ரொந்தனினி பியேட்டா மிலானில் இருக்கிறது. அதில் சதை போய்விட்டது. தாயும் மகனும் நின்றபடி ஒருவருக்குள் ஒருவர் கரைகிறார்கள். முன்பு செய்து பிறகு கைவிட்ட உருவத்தின் வழவழப்பான கை ஒன்று மட்டும் உடம்போடு ஒட்டாமல் பக்கத்தில் தனியாக நிற்கிறது. தசையின் மகா குருவே கடைசியில் கல்லைச் சீவிச் சீவித் தசையைத் தீர்த்துவிட்டார். மறுமலர்ச்சி என்று நாம் வாங்கிக்கொண்டது அவருடைய இளமையை மட்டும்தான்.

அந்த இளமை எங்கள் ஊருக்கு ராய் சௌத்ரி வழியாக வரவில்லை. காலண்டர் வழியாக வந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, நாடகத் திரை எழுதி, கோவில்பட்டியில் தங்கி லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சாமி படம் கொடுத்த கொண்டையராஜுவை (1898–1976) நம் கலை விமர்சனம் நெடுங்காலம் விமர்சனத்துக்கு உரியவராகவே எண்ணவில்லை. ரவிவர்மா கற்ற ஐரோப்பிய நிழலும் உருண்ட கன்னமும் அவர் தூரிகையில் மாறி, சிவகாசி அச்சில் ஏறி, மளிகைக்கடைச் சுவருக்கு வந்தன. மீனாட்சிக்கும் முருகனுக்கும் அந்த முகம் பொருந்தியது. இப்போது அதே முகம் சுதைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பக்கம் சில வருஷமாகத் திருப்பணி நடக்காத குலசாமி கோயில் குறைவு. பணம் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறது. தப்பில்லை, அவர்கள் சாமி. அண்மையில் வேலை முடிந்த ஒரு கோயிலில் பேச்சியைப் பார்த்தேன். காலண்டர் முகம், பளபளக்கிற எனாமல், லேசான புன்னகை. குழந்தை இருக்கிறது, உயரத் தூக்கிப் பிடிக்காமல் மார்போடு அணைத்திருக்கிறாள். காலடியில் ராசா இல்லை. மடியில் கிடந்தவளும் இல்லை. மடி முழுக்கப் பச்சைப் பட்டுச் சேலை மடிப்பு மடிப்பாக, உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார்கள். வர்ணம் தீட்டிய தம்பியிடம் கேட்டேன். "கமிட்டில சொல்லிட்டாக சார். பிள்ளைக பாத்தா பயப்படுதுகளாம்" என்றார். பழைய சுதையை உடைத்து எங்கே போட்டார்கள் என்று கேட்டதற்குக் கண்மாய்ப் பக்கம் கை காட்டினார்.